திரையில் எழும் கட்டடம்

உரைநடை உலகம்

நுழையும்முன்

‘வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார்’ என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. கட்டிப் பார்த்தவர்க்கே அதன் அருமையும் அல்லலும் புலப்படும் என்பது அதன் கருத்து. கல்லும் மண்ணும் தொடாமலே கட்டிப் பார்க்கும் வாய்ப்பை இன்றைய கணினி வழங்கியுள்ளது. அடித்தளம் தோண்டுவதற்கு முன்பே முழுக் கட்டடத்தையும் திரையில் எழுப்பி, அதனுள் நடந்து, குறைகளைக் கண்டு களையும் முறையினை இப்பாடம் விளக்குகிறது.

நூலும் கோலும்

கட்டுவதற்கு முன் அளந்து திட்டமிடும் மரபு தமிழர்க்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, அரண்மனை அமைத்த முறையைக் கூறுகிறது. நண்பகற் பொழுதில் இருகோல் நட்டு, அவற்றின் நிழலைக் கொண்டு திசையைத் தெளிந்து, நூல் வல்லார் நுண்ணிதாகக் கயிறிட்டு மனையை வகுத்தனர் என நக்கீரர் காட்டுகிறார்.

சிலப்பதிகார அரங்கேற்று காதையில் ஆடரங்கின் அளவுகள் சொல்லப்படுகின்றன. எட்டுக்கோல் நீளம், ஏழுகோல் அகலம், ஒருகோல் உயரம் என்பன அவை. நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்ததே முப்பரிமாணம். அரங்கின் தூண் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்குகளை நிறுத்திய செய்தியையும் இளங்கோவடிகள் குறிப்பிடுகிறார். கட்டடத்தில் ஒளியும் நிழலும் எங்கே விழும் என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்த அறிவு இது. இவ்வறிவு அக்காலத்தில் வல்லுநரின் மனத்தில் இருந்தது. மனத்தில் உள்ள கட்டடத்தை மற்றவர் காணும்படி எவ்வாறு வெளிப்படுத்துவது என்பதே ஒவ்வொரு காலத்துப் பொறியாளரும் எதிர்கொண்ட வினாவாகும்.

தாளில் எழுதிய மலை

இவ்வினாவுக்கான விடை ஒன்றினைப் பொள்ளாச்சி வட்டாரத்திலேயே காணலாம். பரம்பிக்குளம் – ஆழியாறு திட்டத்தின் ஒரு பகுதியாகச் சர்க்கார்பதி மின்நிலையத்திலிருந்து திருமூர்த்தி அணைக்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய், ஏறத்தாழ 49 கி.மீ. தொலைவு மலைச்சரிவுகளை ஒட்டியே செல்கிறது. இதனை இப்பகுதி மக்கள் ‘காண்டூர் கால்வாய்’ என்பர். காண்டூர் என்பது சமஉயரக் கோட்டைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்.

ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைத்து வரையும் கோடே சமஉயரக் கோடு. இக்கோடுகள் நெருங்கியிருப்பின் அங்கே செங்குத்தான சரிவும், விலகியிருப்பின் மென்சரிவும் உண்டு என அறியலாம். நீர் தானே ஓட வேண்டுமாயின், கால்வாய் ஏறவும் கூடாது. மிகுதியாக இறங்கவும் கூடாது. ஆகவே, பொறியாளர்கள் மலையை அளந்து, அதன் உயரங்களைத் தட்டையான தாளில் கோடுகளாக எழுதி, அக்கோடுகளைத் தழுவியவாறு சிறு சரிவுடன் கால்வாயின் வழியை வகுத்தனர். வளைந்து செல்ல இயலாத இடங்களில் மலையைக் குடைந்தனர்.

முப்பரிமாணமுடைய மலையை இருபரிமாணமுடைய தாளில் எழுதுவதும், எழுதியதைப் படித்து மீண்டும் மலையாகக் காண்பதும் அரிய கலைகள். இரண்டாவது கலை எல்லார்க்கும் எளிதில் வாய்ப்பதன்று. வீட்டின் வரைபடத்தைக் கையில் பெறும் உழவரோ ஆசிரியரோ அதிலிருந்து தம் வீட்டைக் கண்முன் கொண்டுவர இயலாது திகைப்பதுண்டு. ‘அடுப்படி இவ்வளவு சிறியதா?’ என்னும் வினா, பல வீடுகளில் சுவர் எழுந்த பின்னரே எழுகிறது.

கோட்டிலிருந்து பொருளுக்கு

கணினியில் வரையும் முறைக்கு வித்திட்டவர் ஐவன் சதர்லாந்து. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 1963-இல் அவர் உருவாக்கிய ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் நிரல், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் வாய்ப்பைத் தந்தது. 1982-இல் ‘ஆட்டோகேட்’ வெளிவந்தபின், கணினி வரைவு மெல்ல மெல்ல வரைபலகையின் இடத்தைப் பிடித்தது. எனினும், தொடக்கத்தில் கணினி செய்தது தாளில் செய்ததையே. அங்கே கோடு, கோடாகவே இருந்தது. அது சுவரா, கதவா, குழாயா என்பது கணினிக்குத் தெரியாது.

கட்டடத்தைக் கோடுகளாகக் கருதாமல் பொருள்களின் தொகுப்பாகக் கணினியில் பதிய வேண்டும் என்னும் கருத்தை 1975-இல் சார்லஸ் ஈஸ்ட்மன் என்னும் அறிஞர் முன்வைத்தார். இக்கருத்தின் வளர்ச்சியே இன்று ‘பிம்’ என்று சுருக்கமாக வழங்கப்பெறும் கட்டடத் தகவல் மாதிரி ஆகும். 2000-இல் வெளிவந்த ‘ரெவிட்’ போன்ற மென்பொருள்கள் இதனைப் பரவலாக்கின.

இம்முறையில் திரையில் வைக்கப்படும் சுவர், தன்னைச் சுவர் என்று அறிந்திருக்கும். தன் நீளம், உயரம், பருமன், கட்டப்படும் பொருள் ஆகிய அனைத்தையும் தன்னுள் கொண்டிருக்கும். அதில் ஒரு சன்னலை வைத்தால் சுவர் தானே இடம்விடும். சன்னலை நகர்த்தினால் தரைப்படம், பக்கத்தோற்றம், வெட்டுத்தோற்றம், செங்கல் கணக்கு அனைத்தும் உடனே மாறும். படங்கள் பலவாயினும், அவை யாவும் ஒரே மாதிரியிலிருந்து பிறப்பதால் ஒன்றுக்கொன்று முரண்படுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 6 மீ. நீளமும் 3 மீ. உயரமும் 20 செ.மீ. பருமனும் உடைய சுவரின் கனஅளவு 3.6 கனமீட்டர். 19 × 9 × 9 செ.மீ. அளவுள்ள செங்கல், சாந்துடன் சேர்ந்து 20 × 10 × 10 செ.மீ. இடத்தை அடைத்துக்கொள்ளும். எனவே, ஒரு கனமீட்டர் சுவருக்கு 500 செங்கற்களும் இச்சுவருக்கு 1,800 செங்கற்களும் தேவை. இதில் 1.5 மீ. அகலமும் 1.2 மீ. உயரமும் உள்ள சன்னலை வைத்தால் 180 செங்கற்கள் குறையும். இக்கணக்கைத் தாளிலும் போடலாம். ஆனால், ஒரு வீட்டில் உள்ள எல்லாச் சுவர்களுக்கும், ஒவ்வொரு மாற்றத்தின் போதும், பிழையின்றிப் போடுவதே அரிது. அவ்வேலையை மாதிரி ஏற்றுக்கொள்கிறது.

| தெரியுமா? |
| திருவள்ளூர் மாவட்டம் பூண்டியில் 1944-இல் நீரியல் ஆய்வு நிலையம் தொடங்கப்பட்டது. அணை, மதகு முதலியவற்றின் சிறிய மாதிரிகளை அமைத்து, அவற்றில் நீரைப் பாய்ச்சிச் சோதிக்கும் பணி அங்கு நடைபெறுகிறது. கணினி மாதிரிக்கு மூத்தது கைக்கு எட்டும் மாதிரியே ஆகும். |

மோதலைக் காணும் கண்

முப்பரிமாண மாதிரியின் தலையாய பயன், மோதல்களை முன்கூட்டியே காட்டுவதாகும். ஒரு கட்டடத்தைப் பலர் வரைகின்றனர். அறைகளைக் கட்டடக் கலைஞர் வகுக்கிறார். தூணையும் உத்திரத்தையும் கட்டமைப்புப் பொறியாளர் கணக்கிடுகிறார். குழாய்களை ஒருவரும் மின்கம்பிகளை மற்றொருவரும் திட்டமிடுகின்றனர். ஒவ்வொருவர் வரைபடமும் தனித்தனியே சரியாக இருக்கும். எல்லாம் ஒரே இடத்தில் வந்து சேரும்போதுதான் சிக்கல் தோன்றும்.

மாடியில் குளியலறை ஒன்று அமைகிறது எனக் கொள்வோம். அதன் கழிவுநீர்க் குழாயின் விட்டம் 11 செ.மீ. கழிவு தங்காமல் ஓட, 40-க்கு 1 என்னும் சரிவில் அக்குழாய் 4 மீ. தொலைவுக்கு 10 செ.மீ. தாழ வேண்டும். குழாய், தளத்தின் அடிப்பக்கத்திலிருந்து 5 செ.மீ. கீழே புறப்பட்டால், 4 மீ. கடந்தபின் அதன் அடிப்பகுதி 26 செ.மீ. ஆழத்தில் இருக்கும். வழியில் தளத்திலிருந்து 33 செ.மீ. கீழே இறங்கிய உத்திரம் குறுக்கிட்டால், குழாய் அதன் அடியில் நுழைய இயலாது. நேரே உத்திரத்தில் முட்டும்.

வரைபடத்தில் எவரும் காணாத இம்மோதலைப் பணியிடத்தில் கண்டுபிடிப்பவர் குழாய் பொருத்துபவர். அப்போது கான்கிரீட் இறுகியிருக்கும், வேலையும் நின்றிருக்கும். உளியும் சுத்தியும் கொண்டு உத்திரத்தைக் குடைவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால், அதுவே பேரிடர். உத்திரம் சுமையைத் தாங்கும்போது அதன் மேற்பகுதி அழுந்தும். நடுவிடத்தில் அடிப்பகுதி இழுபடும். கான்கிரீட் அழுத்தத்தைத் தாங்கவல்லது, இழுவையைத் தாங்காது. அவ்விழுவையைத் தாங்குவதற்கே அடிப்பகுதியில் இரும்புக் கம்பிகள் இடப்படுகின்றன. குழாய்க்கு வழிவிட அக்கம்பியை வெட்டுபவர், தம்மை அறியாமல் அவ்வீட்டில் வாழப்போகிறவர்களின் பாதுகாப்பையே வெட்டுகிறார். வெட்டிய இடத்தைப் பூச்சு மறைத்துவிடும், குறை மறையாது.

மாதிரியில் இம்மோதல் சிவப்பு நிறத்தில் ஒளிர்ந்து காட்டும். குளியலறையை நகர்த்தலாம், குழாயின் வழியை மாற்றலாம், அல்லது பொறியாளரின் கணக்குப்படி கூடுதல் கம்பியிட்டு, வார்ப்பதற்கு முன்பே உத்திரத்தில் துளைக்கு இடம்விடலாம். திரையில் கண்ட பிழையைத் திருத்த ஒரு சுட்டியின் அசைவு போதும். கட்டியபின் கண்ட பிழையைத் திருத்தப் பணமும் காலமும் வேண்டும். சிலவேளை எதனாலும் திருத்த இயலாது. வாழ்நாளில் ஒருமுறை, சேமிப்பையும் கடனையும் சேர்த்து வீடு கட்டும் குடும்பத்திற்கு இவ்வேறுபாடு மிகப் பெரிது.

வெயிலும் காற்றும்

மாதிரிக்கு இருப்பிடத்தையும் திசையையும் அறிவித்தால், ஆண்டின் எந்நாளிலும் எந்நேரத்திலும் வெயில் விழும் இடத்தை அது காட்டும். பொள்ளாச்சி ஏறத்தாழ 10.7 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. எனவே, ஏப்ரல் பிற்பகுதி முதல் ஆகஸ்டு பிற்பகுதி வரை நண்பகல் ஞாயிறு உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கும். ஏனைய மாதங்களில் தெற்கே சாயும். டிசம்பரில் அச்சாய்வு 34 பாகையை எட்டும்.

இதனால், 1.2 மீ. உயரமுள்ள வடபுறச் சன்னலை நண்பகல் வெயிலிலிருந்து காக்க 30 செ.மீ. நீண்ட வெயில்மறைப்பு போதும். அதே அளவுள்ள தென்புறச் சன்னலுக்கு டிசம்பரில் 80 செ.மீ.க்கு மேல் தேவைப்படும். மாலையில் தாழ்ந்து வரும் மேற்கு வெயிலை இவ்வகை மறைப்பு தடுக்காது. மேலும், தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசுவது இவ்வட்டாரத்தின் இயல்பு. காற்று நுழைவதற்கும் சாரல் நுழையாமைக்கும் ஏற்றவாறு மேற்குச் சுவரை அமைத்துப் பார்க்க மாதிரி துணைபுரியும். சிலம்பு காட்டும் அரங்கில் தூண் நிழலைக் கருதியவர்களின் அக்கறையே இங்குக் கருவி மாறித் தொடர்கிறது.

நான்காம், ஐந்தாம் பரிமாணங்கள்

முப்பரிமாண மாதிரியுடன் காலத்தை இணைப்பதை நான்காம் பரிமாணம் என்றும், செலவை இணைப்பதை ஐந்தாம் பரிமாணம் என்றும் கட்டுமானத் துறையினர் வழங்குவர். எந்த வாரத்தில் எப்பகுதி எழும், அதற்கு எவ்வளவு கம்பியும் சிமெண்டும் தேவை, அதுவரை எவ்வளவு செலவாகும் என்பவற்றைத் திரையில் நாள்வாரியாகக் காணலாம். நாக்பூர் மெட்ரோ ரயில் பணியில் இந்த ஐந்து பரிமாண முறை கையாளப்பட்டது.

சம்மு – காசுமீரில் செனாப் ஆற்றின்மேல் 359 மீ. உயரத்தில் அமைந்த ரயில் பாலம் 2025 ஜூன் 6 அன்று திறந்துவைக்கப்பட்டது. இதன் நீளம் 1,315 மீ. இதன் எஃகு உறுப்புகளின் நுண்விவரங்களை வரைய ‘டெக்லா’ என்னும் முப்பரிமாண மென்பொருள் பயன்படுத்தப்பட்டது. ஆழ்ந்த பள்ளத்தாக்கின்மேல் தொங்கும் ஓர் எஃகுத் துண்டு பொருந்தவில்லை எனில், அங்கே வைத்துத் திருத்துவது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள்.

மாதிரியிலிருந்து நேரே கட்டடத்தை எழுப்பும் முயற்சியும் தமிழ்நாட்டில் நிகழ்ந்துள்ளது. சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் அதன் முன்னாள் மாணவர்கள் தொடங்கிய ‘த்வஸ்தா’ நிறுவனம், முப்பரிமாண அச்சு முறையில் ஏறத்தாழ 600 சதுர அடியில் கட்டிய வீடு 2021-இல் திறக்கப்பட்டது. கணினி மாதிரியின் வழிகாட்டலில் பொறி ஒன்று கான்கிரீட் கலவையை அடுக்கடுக்காகப் பிழிந்து சுவர் எழுப்புவதே இம்முறை.

பழங்கட்டடங்களைக் காப்பதற்கும் மாதிரி உதவுகிறது. பாரிசு நகரின் நோத்ர தாம் பேராலயத்தைக் கலை வரலாற்று அறிஞர் ஆண்ட்ரூ டாலன் லேசர் கதிரால் அளந்து பதிவு செய்திருந்தார். 2018-இல் அவர் மறைந்தார். 2019 ஏப்ரல் 15 அன்று தீ அப்பேராலயத்தின் கூரையை அழித்தது. அவர் விட்டுச்சென்ற அளவுகள் மீட்புப் பணிக்குத் துணைநின்றன. 2024 டிசம்பரில் பேராலயம் மீண்டும் திறக்கப்பட்டது. நம் ஊர்க் கோயில்களுக்கும் பழைய தொட்டிக்கட்டு வீடுகளுக்கும் இப்படியோர் அளவுப் பதிவு இருக்குமாயின், அவை பழுதுறும்போது பழைய வடிவிலேயே புதுப்பிக்க இயலும்.

மாதிரி அறியாதவை

மாதிரி, தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும். பொள்ளாச்சி வட்டாரத்தில் செம்மண் நிலமும் உண்டு. கரிசல் நிலமும் உண்டு. கரிசல் மண் மழையில் நீரை உறிஞ்சி விரியும். கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் ஆழமின்றி எழுப்பிய சுவரும் வெடிக்கும். இத்தகைய நிலத்திற்கெனத் தரைக்கடியில் அடிப்பகுதி பருத்த தூண்களை இறக்கும் முறையை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் உருவாக்கியுள்ளது. மண்ணைத் தோண்டிச் சோதிக்காமல், ‘நல்ல நிலம்’ என மாதிரியில் எழுதிவிட்டால் திரையில் வீடு அழகாகவே நிற்கும், நிலத்தில் நில்லாது.

தூக்குக்குண்டும் மட்டக்குழாயும் கொண்டு சுவரை நேர்நிறுத்தும் கொத்தனாரின் கையறிவும் மாதிரிக்குத் தெரியாது. கலவையில் நீர் மிகுந்ததைக் கரண்டியில் எடுத்தவுடன் உணர்வார் அவர். கம்பிகள் நெருங்கிய இடத்தில் கான்கிரீட் இறங்காது என்பதையும் கம்பி கட்டுபவர் முன்னரே சொல்வார். இத்தகையோரைத் திரைக்கு முன் அமர்த்தி, அவர்கள் சொல்வதைக் கேட்டுத் திருத்திய மாதிரியே நம்பத்தக்க மாதிரி. படித்தவர் வரைய, உழைப்பவர் கட்ட என்று இருந்த இடைவெளியை இக்கருவி குறைக்கவும் கூடும், கூட்டவும் கூடும். வரைபடம் படிக்கத் தெரியாத தொழிலாளியும் முப்பரிமாண மாதிரியைக் கைப்பேசியில் சுழற்றிப் பார்த்துப் புரிந்துகொள்வார். அதனை அவரிடம் காட்டுகிறோமா என்பதே வினா.

கற்கும் வழி

பள்ளிக் கணினி ஆய்வகத்திலேயே இதன் தொடக்கத்தைக் கற்கலாம். ‘ஃப்ரீகேட்’, ‘பிளெண்டர்’ ஆகியன கட்டணமின்றிக் கிடைக்கும் மென்பொருள்கள். மேற்படிப்பில் கட்டடப் பொறியியல், கட்டடக்கலை, தொழிற்பயிற்சி நிலையங்களின் வரைவாளர் பயிற்சி எனப் பல வழிகள் உள்ளன. பொள்ளாச்சி நாச்சிமுத்து பாலிடெக்னிக் கல்லூரி 1957 முதல் தொழிற்கல்வி அளித்து வருகிறது. கோவையிலும் பழைமையான பொறியியல் கல்லூரிகள் பல உள்ளன. எவ்வழியே சென்றாலும், முதலில் அளவுநாடாவைப் பிடித்துத் தம் வீட்டைத் தாமே அளந்து பார்த்தவர்க்கே திரையில் காணும் சுவர் மெய்ச்சுவராகத் தோன்றும். அளந்து அறிதல், கட்டும் முன் எண்ணிப் பார்த்தல், கட்டுவோர் சொல் கேட்டல் ஆகிய மூன்றும் அமைந்தால், திரையில் எழும் கட்டடம் தரையிலும் நிலைத்து நிற்கும்.

கலைச்சொல் அறிவோம்

முப்பரிமாணம் – நீளம், அகலம், உயரம் ஆகிய மூன்றும் கூடிய வடிவம்
சமஉயரக் கோடு – ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடு
கட்டடத் தகவல் மாதிரி – கட்டடத்தின் உறுப்புகளை அவற்றின் தகவல்களோடு கணினியில் அமைத்த வடிவம்
வெட்டுத்தோற்றம் – கட்டடத்தைக் குறுக்கே அறுத்தாற்போல் உட்பகுதியைக் காட்டும் படம்
உத்திரம் – தளத்தின் சுமையைத் தூண்களுக்குக் கடத்தும் கிடைநிலை உறுப்பு

கற்பவை கற்றபின்

1. உங்கள் வகுப்பறையின் நீளம், அகலம், உயரம், கதவு, சன்னல் ஆகியவற்றை அளந்து, அட்டையில் 50-க்கு 1 என்னும் அளவில் மாதிரி செய்க.
2. உங்கள் ஊரில் வீடு கட்டும் இடத்திற்குப் பெரியவர் ஒருவருடன் சென்று, கொத்தனாரிடம் கட்டுமானக் கருவிகளின் பெயர்களையும் பயன்களையும் கேட்டுத் தொகுத்து வகுப்பில் படிக்க.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ஆடரங்கின் அளவுகளைக் கூறும் சிலப்பதிகாரப் பகுதி
அ) மனையறம் படுத்த காதை ஆ) அரங்கேற்று காதை இ) கானல் வரி ஈ) வழக்குரை காதை

2. முப்பரிமாண மாதிரியுடன் இணைக்கப்படும் ஐந்தாம் பரிமாணம்
அ) காலம் ஆ) ஒளி இ) செலவு ஈ) எடை

குறுவினா

1. ‘காண்டூர் கால்வாய்’ – பெயர்க்காரணம் கூறுக.
2. உத்திரத்தின் அடிப்பகுதியில் கம்பி இடுவது ஏன்?

சிறுவினா

1. கணினியில் வரைந்த கோட்டிற்கும் கட்டடத் தகவல் மாதிரியில் உள்ள சுவருக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. 5 மீ. நீளம், 3 மீ. உயரம், 20 செ.மீ. பருமன் உள்ள சுவரில் 1 மீ. அகலமும் 2 மீ. உயரமும் உள்ள கதவு அமைகிறது. பாடத்தில் கண்ட முறைப்படி தேவையான செங்கற்களைக் கணக்கிடுக.

நெடுவினா

‘மாதிரி, தனக்குச் சொல்லப்பட்டதை மட்டுமே அறியும்’ – இக்கூற்றை உங்கள் ஊரின் நிலம், காற்று, தொழிலாளர் அறிவு ஆகியவற்றோடு பொருத்திக் கட்டுரை வரைக.